கல் தின்ற கரை
ஏறும் கடல் – 6

கடல் ஏன் ஏறுகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். சூடேறிய நீர் விரிகிறது. உருகிய பனி அதில் வந்து சேர்கிறது. 1901இலிருந்து 2018க்குள் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை. 2006க்கும் 2018க்கும் இடையில் ஏறிய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைக் கேட்டவுடனே ஒரு சந்தேகம் வரும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே ஏறும் கடல், ஒரு தெருவை எப்படி விழுங்கும்? கேட்க வேண்டிய கேள்விதான். கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. காலுக்குக் கீழே இருக்கும் மணலைப் பார்க்க வேண்டும்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடை வீசும் மாதங்களில் ஒரு பங்கு தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால், ஆண்டுதோறும் சில லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டத்தின் குறுக்கே 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கல்லைப் போட்டார்கள். தெற்கே சேர்ந்த மணல் மெரினாவை அகலப்படுத்தியது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. நூறு ஆண்டு கழித்துப் புதுச்சேரியில் அதே பாடம் மறுபடியும் நடந்தது. அங்கே 1989இல் துறைமுகத்தின் இரண்டு தடுப்புக் கரைகளும் முடிந்தன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும், அது தொடர்ந்து நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு போய்விட்டது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது, அங்கும் கல். இப்படியே அரிப்பு மாநில எல்லையைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்தின் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே நடந்தது.

கல் ஏன் கரையைக் காப்பதில்லை? சரிவான மணலில் ஏறும் அலை, ஏறும்போதே களைத்துவிடும். கொண்டுவந்த மணலில் கொஞ்சத்தை விட்டுவிட்டுத் திரும்பும். செங்குத்தான கல்லில் மோதும் அலை களைப்பதில்லை. வந்த வேகத்தோடு திரும்பி, கல்லின் காலடி மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. அடி பறிந்ததும் கல் சரிகிறது. மேலே இன்னொரு லாரிக் கல் விழுகிறது. புயல் வந்தால் பின்வாங்கி, காற்று மாறியதும் திரும்பி வருவதுதான் கடற்கரையின் இயல்பு. முன்னால் கடல், பின்னால் சுவர் என்றானபின் அது எங்கே பின்வாங்கும்? சுவர் தனக்குப் பின்னாலிருக்கும் சாலையைக் காக்கிறது. தனக்கு முன்னாலிருந்த கரையைக் கொன்றுவிடுகிறது.

சாலையையும் கட்டடத்தையும் வைத்திருக்கிற நகரத்துக்கு இந்தப் பேரம் லாபமாகத் தெரியலாம். மீனவக் குப்பத்துக்கு அப்படியில்லை. கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் ஆள் நின்று பின்னோக்கி நடக்கும் அளவுக்கு மணல் வேண்டும். ஃபைபர் படகை ஏற்றி வைக்க, வலையைப் பரப்பிக் கிழிசல் பார்க்க, பெண்கள் கருவாடு காயப்போட எல்லாவற்றுக்கும் மணல்தான் களம். கல் வந்த இடத்தில் படகை நிறுத்த வழியில்லாமல் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். அங்கே இடத்துக்குத் தகராறு. மணல் மேட்டில் இராவணன் மீசையும் அடம்புக் கொடியும் வேர்பிடித்துக் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்துவைக்கின்றன. அந்த மேட்டுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீருக்கு மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குவதால்தான் கடலோரத்தில் கையால் தோண்டிய ஊற்றில்கூடக் குடிக்கிற தண்ணீர் கிடைக்கிறது. மேடு போனால் அதுவும் உப்பாகும். ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு, ஈரம் எட்டாத உலர்ந்த மணல் வேண்டும். கல்லில் ஏற முடியாமல் அது திரும்பிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். “நீங்கள் சொல்வதெல்லாம் துறைமுகத்தின் தவறு; கடல் மட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்?” பாதி சரி. தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, 1990 முதல் 2018 வரை நாட்டின் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானது. தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். இதில் பெரும்பகுதியைக் கடல் மட்டத்தின் தலையில் கட்டினால் பொய்யாகும். மணலை மறித்தவை துறைமுகங்களும், கடலுக்குள் கல்லால் நீட்டிய தூண்டில் வளைவுகளும். ஆற்று மணலை உள்நாட்டிலேயே நிறுத்தியவை அணைகளும் மணல் குவாரிகளும். ஆனால் மீதிப் பாதி இன்னும் வரவில்லை. மணற்கரையில் கடல் ஒரு பங்கு ஏறினால் கரை ஐம்பதிலிருந்து நூறு பங்குவரை உள்வாங்கும் என்று டென்மார்க் பொறியாளர் பெர் புரூன் 1962இல் ஒரு கணக்குச் சொன்னார். எல்லாக் கரைக்கும் பொருந்தாத தோராயக் கணக்குதான். ஆனாலும் அளவை உணர்த்தும். அதன்படி, முதலில் சொன்ன 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் பத்தாண்டுக்கு இரண்டிலிருந்து நான்கு மீட்டர். இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கடல் அரை மீட்டர் ஏறினால்? மணல் நிறைந்த கரைக்கு அதைத் தாங்கவும் இடம்பெயரவும் வழியுண்டு. மணலே இல்லாத கரைக்கு இல்லை. மணலை இழந்தது நம் கைவேலை. அந்த இழப்புக்கு வட்டி வசூலிக்கத்தான் கடல் ஏறி வருகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வாசலில் அலை அடிக்கும்போது தத்துவம் பேச முடியுமா? கல் கொட்டச் சொல்லிச் சாலை மறியல் செய்வதே மீனவர்கள்தானே? உண்மை. வீடு சாய்கிற இரவில் கல்லைத் தவிர வேறெதுவும் லாரியில் வராது. அந்தக் கல்லைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவசர மருந்தையே அன்றாட உணவாக்கிவிட்டோம் என்பதுதான் குறை. ஒரு ஊருக்குக் கொட்டிய கல்லின் விலை ஒப்பந்தப் புள்ளியில் இருக்கும். அதற்கு வடக்கே உள்ள ஊர் இழந்த கரையின் விலை எந்தக் காகிதத்திலும் இருக்காது. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் கல் மலிவு என்பது கணக்கே ஆகாது.

“நெதர்லாந்து சுவர் கட்டித்தானே வாழ்கிறது?” என்பார்கள். அந்த நாட்டைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1990இல் இருந்த கரைக்கோட்டை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த நெதர்லாந்து, அதற்கு முதன்மையாக நம்பியது கடலடியிலிருந்து அள்ளிய மணலை. 2001க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி கன மீட்டர் மணலைக் கரைக்கு ஊட்டுகிறது. 2011இல் ஹேக் நகருக்கு அருகே 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையே அதைப் பங்கிட்டுக் கொடுக்கும்படி விட்டது. அவ்வளவு பணம் நமக்கு ஏது என்று கேட்கலாம். புதுச்சேரியிலேயே ஒரு சிறிய விடை இருக்கிறது. 2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு வடக்கே, கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகுப் பெட்டகத்தை இறக்கி, மணலும் சேர்த்தது. பல ஆண்டு கல் மட்டுமே இருந்த இடத்தில் மக்கள் மறுபடி மணலில் நடந்தார்கள். அது ஒரு நகரத்தின் சிறு துண்டுதான், வடக்கே உள்ள குப்பங்களுக்கு அது போதாது. ஆனாலும் மணல் கிடைத்தால் கரை திரும்பி வரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, மணலுக்கு வழிவிடுவது. துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மீனவருக்கும் அது வேண்டும். ஆனால் தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கடத்தும் செலவு, விளக்குக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவைப் போலத் துறைமுகத்தின் அன்றாடச் செலவில் சேர வேண்டும். இரண்டாவது, கரைக்குப் பின்வாங்க இடம் வேண்டும். நாமோ எதிர்த்திசையில் போகிறோம். 2019 ஜனவரியில் வெளிவந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் வீட்டுக்கு இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதற்குக் கடலிடமிருந்து இடம் பிடுங்கினால், அந்த வீட்டைக் காக்க நாளைக்கு மறுபடியும் கல்தான் வரும். கல் வந்த பிறகு அந்த வீட்டுக்காரர் படகை எங்கே ஏற்றுவார்?

(அடுத்த வாரம்: முகத்துவாரத்தில் மணல் மறித்த ஆறுகள்)