எதிர்வீட்டு மாடியில் 5ஜி டவர் வந்தால்

2022 அக்டோபரில் பெங்களூருக்கு 5ஜி வந்தது. அதிலிருந்து சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஜிகனி என்று ஆனேக்கல் தாலுகா முழுக்கப் பலரும் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தில் டவர் இருந்தால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா?

டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரேயைப் போல உடலின் மூலக்கூறுகளைச் சிதைக்கும் வலு அதற்குக் கிடையாது. அளவு மிக அதிகமானால் உடல் சூடாகும். உறுதியாகத் தெரிந்த தீங்கு அதுதான்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே? 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை 2பி பிரிவில் (வரக்கூடும், ஆனால் சான்று குறைவு) சேர்த்தது. அதற்கு அடிப்படை, போனைக் காதோடு ஒட்டிப் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள்தான்.

அரசு என்ன செய்தது? 2012 செப்டம்பர் 1 முதல், டவர் அலைக்கான இந்திய வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இப்போது 5ஜி ஓடும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அன்று வகுத்த வரம்பு, சதுர மீட்டருக்கு 1 வாட்.

யார் அளக்கிறார்கள்? வரம்புக்குள் இருப்பதாகக் கம்பெனியே சான்று தர வேண்டும். தொலைத்தொடர்புத் துறை ஒரு பகுதி டவர்களை மட்டும் நேரில் சோதிக்கிறது. ‘கம்பெனி சொல்வதை எப்படி நம்புவது?’ என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் 2017இல் ‘தரங் சஞ்சார்’ இணையதளம் வந்தது. உங்கள் தெருவைச் சுற்றியுள்ள டவர்களையும் அவை வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதையும் அதில் இலவசமாகப் பார்க்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால், 4,000 ரூபாயும் வரியும் கட்டி உங்கள் இடத்திலேயே அளக்கச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். பொம்மசந்திரா ஆலைத் தொழிலாளிக்கு இது பெரிய தொகை. என்னைக் கேட்டால் இதை அரசே ஏற்க வேண்டும். அதுவரை தெருவில் பத்து வீடு சேர்ந்தால் வீட்டுக்கு ஐந்நூறுக்குள் முடியும்.

டவரைவிடக் கையிலிருக்கும் போன்தான் உடலுக்கு அருகில் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடாகக் குறைந்தால் போன் கூடுதல் வலுவோடு அலையை அனுப்பும். பன்னேருகட்டா காட்டோரத்திலோ லிஃப்டிலோ நீண்ட பேச்சு வேண்டாம். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் இயர்போன் மாட்டுங்கள். *#07# அழுத்தினால் சார் மதிப்பு (உடல் உறிஞ்சும் அலையாற்றல்) தெரியும். இந்தியாவில் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது.

உங்கள் மாடியிலேயே டவர் வைத்து மாத வாடகை தருகிறோம் என்று யாராவது அழைத்தால்? முன்பணமோ ‘வரி’யோ கேட்டால் அது மோசடி. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இதற்குத் தடையில்லாச் சான்று எதுவும் தருவதில்லை. அதன் முத்திரையோடு வரும் கடிதம் போலி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.