மருமகள் மேலே படிக்கலாமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில், நம் குடும்பத் தாய்மார் பலர் கேட்கும் கேள்வி இது. மருமகள் மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம் பெற்ற செவிலி என்று கொள்வோம். வயது 29. தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவும் பகலும் உழைக்கிறாள். தனக்குப் பின் வந்த பட்டதாரிப் பெண் மேற்பார்வையாளராக உயரும்போது அவள் உள்ளம் வாடுவது இயல்பே.

அவளுக்குரிய வழி போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங். இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. வேலையை விட்டுத்தான் சேர வேண்டும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியது இங்கே நினைவுக்கு வருகின்றது. நாமும் கணக்கிடுவோமே! மாத ஊதியம் ரூ. 15,000 எனில், ஈராண்டில் இழப்பது ரூ. 3,60,000. கட்டணம் ஆண்டுக்கு ரூ. 60,000 எனக் கொண்டால், மொத்தம் ரூ. 4,80,000. பட்டம் பெற்றபின் அதே வார்டில் மாதம் ரூ. 3,000 மட்டும் கூடுமானால், போட்ட பணம் திரும்பப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். கடன் வாங்கினால் வட்டி வேறு!

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? அவ்வாறு சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று செய்யும் பணியே அவள் விருப்பமாயின், பட்டயமே பல கதவுகளைத் திறக்கும். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் தேர்வை, ஐம்பது படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில் ஈராண்டு அனுபவமுள்ள பட்டயதாரியும் எழுதலாம். ஆனால் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. கல்லூரியில் கழியும் இரண்டு ஆண்டுகளில் அந்தக் கதவு அவளுக்கு மூடிவிடும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாறாக, செவிலியர் பள்ளியில் கற்பிக்க அவள் ஆசைப்பட்டால் பட்டயம் போதாது, பட்டம் வேண்டும். முதுநிலைப் படிப்புக்கும் அதுவே படி. புதிதாய் வரும் பெண்களுக்கு ஊசி போடவும் காயம் கட்டவும் பொறுமையாய்ச் சொல்லித் தருபவளாக அவள் இருந்தால், நான்கு லட்சத்து எண்பதாயிரம் வீண் செலவாகாது.

சேருமுன் ஒன்றைப் பாருங்கள். கல்லூரிக்கு மாநில நர்சிங் கவுன்சிலின் ஏற்பும் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா? பயிற்சிக்கு உண்மையான மருத்துவமனை உண்டா? வகுப்புக்கு வராமலே பட்டம் என்று ஆசைகாட்டுவோரிடம் ஏமாற வேண்டாம்.

பணத்தை விடக் கடினமானது வீட்டுக் கணக்கு. “படிக்கட்டும்” என்று பெருந்தன்மையாய்ச் சொல்லும் கணவர்மார் பலர், காலை ஏழு மணிக்கு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே இன்று மாலைச் செபமாலை முடிந்ததும் நோட்டும் பேனாவுமாக எல்லாரும் உட்காருங்கள். முதற்கேள்வியை மருமகளிடம் அல்ல, மகனிடம் கேளுங்கள்: அந்த இரண்டு ஆண்டும் பிள்ளைக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்?