மாத்திரை வேண்டாம், மூளைக்கே ட்ரெயினிங்... நிஜமா பாஸ்?

"மாத்திரை இல்லை. ஊசி இல்லை. சைடு எஃபெக்ட் இல்லவே இல்லை. குழந்தை தலையில் ரெண்டு ஒயரை மாட்டி கம்ப்யூட்டர் கேம் விளையாட வைங்க. மூளை தன்னைத்தானே சரி பண்ணிக்கும்!"

இந்த மாதிரி ஒரு நோட்டீஸையோ, வாட்ஸ்அப் ஃபார்வர்டையோ நீங்களும் பார்த்திருப்பீங்க. ஏ.டி.ஹெச்.டி., ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளோட அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் தேடி வருது. எங்க சொந்தத்திலும் ஒரு வீட்டுக்கு வந்தது. "நீதான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இதெல்லாம் உண்மையாப்பா?"ன்னு சித்தி என்கிட்ட கேட்டாங்க. அசைன்மென்ட்டை ஓரமா வெச்சிட்டு இதைத் தேட ஆரம்பிச்சேன். மேட்டர் செம சுவாரஸ்யம். சீரியஸும் கூட!

ஏன் சீரியஸ்? இந்த ட்ரெயினிங் ஒரு நாளில் முடியாது. வழக்கமா 30, 40 செஷன் போகும். ஒவ்வொரு செஷனுக்கும் அம்மா லீவு போடணும், ரெண்டு பஸ் மாறணும், ஃபீஸ் கட்டணும். பணத்தைக் கூட திரும்பச் சம்பாதிக்கலாம். மூணு வயசுக் குழந்தைக்கு மூணாவது வயசு ஒரு தடவைதான் வரும்.

மாத்திரைன்னா ஏன் பயம்?

முதல்ல ஒரு குட்டி இன்ட்ரோ. ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளுக்கு ஒரு விஷயத்தில் கவனத்தை நிறுத்துறது, ஒரே இடத்தில் உட்கார்றது, 'கொஞ்சம் பொறு'ன்னு தன்னைத்தானே தடுக்கிறது, இதெல்லாம் கஷ்டம். ஆட்டிசம் வேற. பேச்சு, பார்வை, சைகை மூலமா மத்தவங்களோட பழகும் விதமே அங்க வித்தியாசமா இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். சில சத்தம், வெளிச்சம், தொடுதல் தாங்க முடியாம போகலாம். ரெண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஏ.டி.ஹெச்.டி.க்கு மருந்து இருக்கு. 1937-ல் சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க டாக்டர், ஆம்ஃபெட்டமைன் வகை மருந்து சில குழந்தைகளைப் படிப்பில் கவனிக்க வைக்குதுன்னு எழுதினார். இன்னைக்கு அதிகம் பேசப்படுற மெதில்ஃபெனிடேட்டும் ஊக்க மருந்துதான். நிறைய குழந்தைகளுக்கு வேலை செய்யுது. கூடவே பசி குறையுறது, தூக்கம் கெடுறதுன்னு தொந்தரவுகளும் வரலாம். பெத்தவங்க தயங்குறதில் தப்பே இல்லை.

ஆட்டிசத்தில் கதையே வேற. அதன் அடிப்படைத் தன்மைகளை மாத்தும்னு நிரூபணமான மாத்திரை எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2006-ல் ரிஸ்பெரிடோனுக்கும், 2009-ல் அரிபிப்ரசோலுக்கும் அனுமதி கொடுத்தாங்க. அதுவும் கடுமையான எரிச்சலையும் ஆத்திரத்தையும் குறைக்க மட்டும்தான். இந்தக் காலி இடத்தில்தான் 'மருந்தில்லா' விளம்பரங்கள் ஈஸியா நுழையுது.

பூனையில் ஆரம்பிச்ச கதை

ஒயர் மாட்டுற அந்த முறைக்குப் பேரு நியூரோஃபீட்பேக். பூர்வீகம், ஒரு பூனைக் கூட்டம்!

1960-கள்ல அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பாரி ஸ்டெர்மன் என்ற விஞ்ஞானி, பூனைகளோட மூளை மின்னலைகளைப் பதிவு பண்ணிட்டு இருந்தார். சாப்பாட்டுக்காக அசையாம, ஆனா விழிப்போட காத்திருக்கும்போது பூனை மூளையில் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலை வருது. அந்த அலை வரும்போதெல்லாம் பரிசா சாப்பாடு கொடுத்தார். பூனைகள் அந்த அலையை அடிக்கடி வர வைக்கக் கத்துக்கிச்சு!

ட்விஸ்ட் அதுக்கப்புறம். ராக்கெட் எரிபொருள் ஒண்ணு வலிப்பை உண்டாக்குதான்னு பார்க்க இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. அதில், ஏற்கெனவே ட்ரெயினிங் முடிச்ச பூனைகள் வலிப்பை அதிக நேரம் தாக்குப் பிடிச்சது. 'அப்போ மனுஷனுக்கும் சொல்லிக் கொடுக்கலாமே'ன்னு எண்ணம் வந்தது. 1976-ல் ஜோயல் லூபார் என்ற டென்னசி பேராசிரியரின் குழு, துறுதுறுன்னு ஓடும் ஒரு குழந்தைக்கு இதைச் செஞ்சு பார்த்து எழுதினது. அங்கிருந்துதான் ஏ.டி.ஹெச்.டி. நியூரோஃபீட்பேக் கிளம்பினது.

ஐடியா இதுதான். கவனம் சிதறும் குழந்தைகள்ல 4-8 ஹெர்ட்ஸ் தீட்டா அலை அதிகமாவும், 13 ஹெர்ட்ஸுக்கு மேல வரும் பீட்டா அலை குறைவாவும் இருக்குன்னு சொன்னாங்க. ஸ்கிரீனில் ஒரு விமானம். தீட்டா குறைஞ்சு பீட்டா ஏறினா விமானம் பறக்கும். இல்லேன்னா கீழே இறங்கும். விமானத்தைப் பறக்க விட்டே குழந்தை தன் மூளையைப் பழக்கிக்கும். கேட்கவே கலக்கலா இருக்கில்ல?

இது நம்ம சிலபஸ் பாஸ்!

இ.சி.இ., இ.இ.இ. மக்கள் இங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. தலைக்கு மேல இருந்து எடுக்கும் மூளை சிக்னல் சில பத்து மைக்ரோவோல்ட்தான். அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாப் பிரிச்சா, அதில் சில பத்து பங்கு. சுவர் பிளக்கில் இருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதை முழுங்கிடும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர் எல்லாம்.

ஆனா எல்லாத்தையும் ஃபில்டர் பண்ண முடியாது. கண் சிமிட்டினா பெரிய மின் அலை ஒண்ணு வந்து, குறைஞ்ச ஹெர்ட்ஸ் பக்கம் எகிறும். பல்லைக் கடிச்சா தாடைத் தசையின் சிக்னல் பீட்டா பகுதியில் கலந்துடும். எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் சீனியர்ஸ் ஒரு ஹெட்பேண்ட் டெமோ வெச்சிருந்தாங்க. ஸ்கிரீனில் 'கவனம்'னு ஒரு பச்சைக் கோடு. ஒரு பையன் கணக்கு போடலை, தியானம் பண்ணலை, தாடையை மட்டும் இறுக்கினான். கோடு ஜம்முனு மேல ஏறிச்சு. எல்லாரும் கைதட்டினோம்!

சிம்போசியத்தில் அது ஜோக். சிகிச்சையில் அது ஜோக் இல்லை. விமானம் பறந்தது மூளையாலயா, தாடையாலயா, இல்லை குழந்தை அசையாம உட்கார்ந்ததாலயா? பிரிச்சுப் பார்க்காம சொல்லவே முடியாது.

அந்த தீட்டா-பீட்டா விகிதத்துக்கும் இதே கதிதான். 2013-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை ஏ.டி.ஹெச்.டி.யைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு ஒரு துணைக் கருவியா அனுமதிச்சது. 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, குழந்தைகளுக்குத் தப்பா முத்திரை விழும் ஆபத்து இருக்கு, வழக்கமான பரிசோதனைக்குப் பதிலா இதை நம்ப வேண்டாம்னு எச்சரிச்சது.

டம்மி மெஷினுடன் ஒரு மேட்ச்

ஒரு ட்யூஷன் சென்டர் 'எங்ககிட்ட படிச்ச எல்லாருக்கும் மார்க் ஏறியிருக்கு'ன்னு சொல்லுது. நல்லதுதான். ஆனா அது சார் நடத்தினதாலயா, இல்லை தினமும் ரெண்டு மணி நேரம் புக்கோட உட்கார்ந்ததாலயா? தெரியணும்னா, சார் இல்லாம அதே ரெண்டு மணி நேரம் உட்கார்ந்த இன்னொரு பேட்ச் வேணும்.

அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி முன்னின்று நடத்திய ஆய்வு இதைத்தான் செஞ்சது. 7 முதல் 10 வயசு வரை 144 குழந்தைகள், 38 செஷன். ஒரு குரூப்புக்கு நிஜ ட்ரெயினிங். இன்னொரு குரூப்புக்கு அதே ஒயர், அதே ஸ்கிரீன். ஆனா விமானத்தை ஓட்டினது, வேற ஒருத்தர்கிட்ட முன்னாடியே ரெக்கார்ட் பண்ணின மூளை அலை! கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு, அந்த ரெக்கார்டிங் மேல குழந்தையோட சொந்தக் கண் சிமிட்டலையும் அசைவையும் மிக்ஸ் பண்ணாங்க. குழந்தைக்கும் தெரியாது, பெத்தவங்களுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. என்னா டிசைன்!

ரிசல்ட் 2021-ல் வெளியாச்சு. ரெண்டு குரூப்புமே நல்லா முன்னேறினது. நிஜ குரூப்பில் 61 சதவிகிதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். டம்மி குரூப்பில் 54 சதவிகிதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. 13 மாசம் கழிச்சுப் பார்த்தப்போ நிஜ குரூப் கொஞ்சம் குறைவா மருந்து எடுத்தது என்பதையும் சொல்லிடணும். ஆனா ஆய்வு தேடின முக்கியமான கேள்வி கவனக்குறைவு. அதில் டம்மி ஜெயிக்கலை, நிஜமும் ஜெயிக்கலை. மேட்ச் டிரா.

2024-ல் இந்த மாதிரி 38 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. மொத்தம் 2,472 பேர். யாருக்கு எது கிடைச்சதுன்னு தெரியாதவங்க மதிப்பெண் போட்ட இடங்கள்ல, நியூரோஃபீட்பேக் சொல்லிக்கிற மாதிரி பலன் தரலை. ஆட்டிசத்துக்கும் 2013-ல் நெதர்லாந்து ஆய்வு ஒண்ணு வந்தது. அதிலும் ஆட்டிச அறிகுறிகள் குறையலை.

ஒண்ணு கவனிச்சீங்களா? டம்மி குரூப் குழந்தைகளும் முன்னேறினாங்க! வாரா வாரம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையா, 'சூப்பர்டா கண்ணா'ன்னு சொன்னா அதுக்கும் ஒரு பலன் இருக்கலாம். நம்பிக்கையும், நாள் போகப் போகத் தானா வரும் மாற்றமும் கூடவே சேர்ந்திருக்கலாம். ஆனா அதுக்கு ஒயர் எதுக்கு?

கேமும் உண்டு

2020-ல் அதே அமெரிக்க நிர்வாகம் 8 முதல் 12 வயசு ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளுக்கு டாக்டர் சீட்டில் எழுதித் தரும் ஒரு வீடியோ கேமை அனுமதிச்சது. 348 குழந்தைகளோட ஆய்வில், கம்ப்யூட்டரில் வைக்கிற கவன டெஸ்ட்டில் மார்க் ஏறினது. ஆனா வீட்டில் பெத்தவங்க பார்த்த அறிகுறிகள்ல, வேற கேம் ஆடின குழந்தைகளை விட இவங்க முந்தலை. டெஸ்ட்டில் ஏறுறது வேற, ஹோம்வொர்க் முடியுறது வேற. இன்டர்னல் மார்க் வாங்கத் தெரிஞ்ச நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்!

ஒயரே இல்லாத மூளை ட்ரெயினிங்

அப்போ மருந்தில்லாம எதுவுமே இல்லையா? இருக்கு. ஆனா அது பளபளன்னு இருக்காது. நோட்டீஸ் அடிக்கவும் லாயக்கில்லை.

அமெரிக்காவில் 2010-ல் வந்த ஒரு ஆய்வு. ஆட்டிசம் உள்ள, ஒன்றரை முதல் இரண்டரை வயசுக்குள்ள இருந்த 48 குழந்தைகள். ஒரு குரூப்புக்கு ரெண்டு வருஷம் விளையாட்டு வழியாவே பழக்கும் தீவிரப் பயிற்சி. குழந்தை எதைப் பார்க்குதோ அதையே பிடிச்சுக்கிட்டு விளையாடணும், பேசணும். பெத்தவங்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தாங்க. இந்தக் குழந்தைகளோட அறிவுத்திறனும் மொழியும் மத்த குரூப்பை விட முன்னேறினது. 2012-ல் அதே குழந்தைகளோட மூளை அலையைப் பதிவு பண்ணாங்க. முகத்தையும் பொம்மையையும் காட்டினப்போ, பயிற்சி பெற்றவங்களோட மூளை ஆட்டிசம் இல்லாத குழந்தைகளைப் போலவே முகத்துக்கு அதிகம் ஸ்பந்திச்சது. மூளைக்குள்ள மாற்றம் தெரிஞ்சது. மாத்தினது விளையாட்டு! சின்ன ஆய்வுதான். 2019-ல் மூணு இடத்தில் பெரிசாச் செஞ்சப்போ எல்லா பலனும் அப்படியே திரும்ப வரலை. அதனால 'அற்புதம்'னு யாரும் சொல்ல முடியாது. ஆனா வழி சரியான வழி.

'அதெல்லாம் அமெரிக்காப்பா'ன்னு சொல்றீங்களா? 2016-ல் வெளியான ஆய்வு ஒண்ணு நம்ம கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. 2 முதல் 9 வயசு வரை 65 குழந்தைகள். சொல்லிக் கொடுத்தவங்க ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். வீட்டுக்கே போய், அம்மாவும் குழந்தையும் விளையாடுறதை வீடியோ எடுத்து, அதையே போட்டுக் காட்டி, 'இங்க பாருங்க, நீங்க காத்திருந்தப்போ அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தான்'ங்கிற பாணியில் பேசுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு மிகாத 12 செஷன். பெத்தவங்க குழந்தையோட போக்குக்கு ஏத்த மாதிரி பேசுறது கூடினது. குழந்தை தானா முன்வந்து தொடர்பு கொள்றதும் கூடினது. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சேர்ந்து கவனிக்கிற நேரம் மட்டும் கூடலை, குறைஞ்சது. முழு வெற்றி இல்லை. ஆனா ஒரு கேமராவும் ஒரு பாயும் போதும்!

ஏ.டி.ஹெச்.டி.க்கும் இப்படித்தான். 6 வயசுக்குக் கீழ இருந்தா மாத்திரைக்கு முன்னாடி பெத்தவங்களுக்கான நடத்தைப் பயிற்சியை ஆரம்பிக்கச் சொல்லுது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. பெரிய வேலையைச் சின்னதா வெட்டிக் கொடுக்கிறது, நல்லது செஞ்ச அந்த நிமிஷமே பாராட்டுறது, தினமும் ஒரே நேர ஒழுங்கு. அதுக்கு மேல வயசானா மருந்தும் பயிற்சியும் சேர்ந்து போகலாம். 1999-ல் 579 குழந்தைகளை வெச்சு நடந்த பெரிய ஆய்வில், ரெண்டும் சேர்ந்த குரூப்புக்குக் குறைஞ்ச மருந்து அளவே போதுமா இருந்தது. 'மாத்திரையா, மூளைப் பயிற்சியா'ன்னு பட்டிமன்றம் வைக்க வேண்டியதே இல்லை!

கையில் வெச்சுக்க 5 கேள்விகள்

யாராவது மூளைப் பயிற்சின்னு சொன்னா இதைக் கேளுங்க:

1. எதோட ஒப்பிட்டீங்க? டம்மி வெச்சுப் பார்த்தீங்களா?
2. மார்க் போட்டது யார்? எந்தக் குழந்தைக்கு எது கிடைச்சதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?
3. மாறினது ஸ்கிரீன் ஸ்கோரா, இல்லை வீட்டிலும் கிளாஸிலும் தெரியும் மாற்றமா?
4. எத்தனை செஷன்ல பலன் தெரியலேன்னா நிறுத்துவீங்க?
5. 'பூரண குணம்'னு உத்தரவாதம் தர்றீங்களா? (ஆமாம்னு சொன்னா, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க!)

முக்கியமா, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நோட்டீஸைப் பார்த்து நிறுத்திடக் கூடாது. டாக்டர்கிட்ட பேசித்தான் எதுவும்.

எங்கே போறது? 2013-ல் ஆரம்பிச்ச மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உருவாச்சு. வளர்ச்சித் தாமதம் இருக்கிற குழந்தைகளை அங்க பார்ப்பாங்க. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-ல் இருந்து இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்குத் தனிப் பிரிவே உண்டு.

கடைசியா, ஃபைனல் இயர் மக்களுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் டைட்டில் தேடுற சீசனில் 'மூளை அலையால் கவனத்தை அளக்கும் ஹெட்பேண்ட்' வரிசையில் முதல்ல வரும். தாராளமா பண்ணுங்க. ஆனா கூடவே தாடைத் தசைக்கு ஒரு சென்சாரும், ஒரு டம்மி மோடும் வைங்க. கோடு மேல ஏறும்போது எதால ஏறுதுன்னு உங்க ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதுங்க. வைவாவில் எக்ஸ்டர்னல் அசந்துபோவார். அதைவிட முக்கியம், எங்கேயோ ஒரு அம்மாவுக்கு 40 பஸ் பயணம் மிச்சமாகும். அந்த நேரத்தில் அவங்க பிள்ளையோட பாய் விரிச்சு விளையாடலாம்.