மூதாதையரைக் காட்டித்தரும் ஓய்வூதியக் கோப்புகள்

அமெரிக்காவில் குடும்ப வரலாற்றைத் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைத்தான். ஆனால் 1850-க்கு முந்தைய ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1890-ஆம் ஆண்டு ஏடுகளோ 1921 தீவிபத்திலும் அதன் பின்னுமாக ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. இந்த இடைவெளிகளில் கைகொடுப்பவை, போர் வீரர்களும் அவர்களின் விதவைகளும் உதவித்தொகை கேட்டு எழுதிய மனுக்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம் இவற்றைப் பாதுகாத்து வருகிறது.

என்ன இருக்கும்?

பணம் வேண்டுமென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். அதனால்தான் இந்தக் கோப்புகள் இவ்வளவு செய்திகளைச் சுமந்திருக்கின்றன. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் ஆறு மாதமாவது பணியாற்றியவர்களுக்கு 1832 சட்டம் ஓய்வூதியம் வழங்கியது. பிறந்த ஊர், படையில் சேரும்போது வசித்த இடம், அதன்பின் வாழ்ந்த இடங்கள், அதிகாரிகளின் பெயர்கள் என்று ஒவ்வொன்றையும் முதியவர்கள் நீதிமன்றத்தில் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு முந்தைய 1820 சட்டப்படி வறுமையை நிரூபிக்கச் சொத்துப் பட்டியலும் தரவேண்டும். பசு, பன்றி, சமையல் பாத்திரம், பழைய நாற்காலி வரை அதில் பதிவாகியிருக்கும்.

விதவைகள் திருமணத்தை நிரூபிக்கவேண்டும். பதிவுச் சான்று இல்லாத பலர், பிறப்பு, இறப்பு, திருமணங்களைக் குறித்துவைத்திருந்த குடும்ப பைபிளின் தாள்களையே கிழித்து அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் கோப்புக்குள் இருக்கின்றன.

பின்னர் வடக்கு, தெற்கு மாநிலங்களிடையே நடந்த உள்நாட்டுப் போரின் வீரர்களுக்கு ஓய்வூதிய அலுவலகம் 1898-இல் ஒரு கேள்வித்தாளையே அனுப்பியது. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், திருமணம் நடத்திவைத்தவர், முந்தைய திருமணம், உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் பிறந்த தேதிகள் எல்லாம் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

அடிமைகளாக இருந்தவர்களின் குரல்

கறுப்பின மக்களுக்கு இந்தக் கோப்புகள் விலைமதிப்பற்றவை. அடிமைப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் 1870 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாகப் பெயரோடு இடம்பெற்றார்கள். அடிமைத் திருமணங்களைச் சட்டம் ஏற்காததால் சான்றிதழும் கிடையாது. எனவே உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களின் மனுக்களை ஆராய, ஓய்வூதிய அலுவலகத்தின் சிறப்பு விசாரணை அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று உறவினர், அண்டை அயலார், மருத்துவச்சி, உடன் போரிட்டவர் ஆகியோரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். முன்னாள் எஜமானரின் பெயர், தோட்டம் இருந்த இடம், விற்கப்பட்ட உடன்பிறப்புகள் பற்றிய செய்திகள் அவற்றில் வெளிவருகின்றன.

அடிமைகளை விடுதலைக்கு வழிநடத்திய ஹாரியட் டப்மனின் கோப்பும் இப்படிப்பட்டதுதான். அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ், படையில் நெல்சன் சார்லஸ் என்ற பெயரில் பணியாற்றியவர். இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று டப்மன் நிரூபிக்கவேண்டியிருந்தது. 1890-களில் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 1895-இல் மாதம் 8 டாலர் விதவை ஓய்வூதியம் கிடைத்தது.

தேடுவது எப்படி?

முதலில் வீரரின் பெயர், மாநிலம், படைப்பிரிவு ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஓய்வூதியப் பெயர் அட்டவணையில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்து ஆவணக்காப்பகத்தில் நகல் கேட்கலாம். பல அட்டவணைகள் இணையத்திலேயே உள்ளன. விடுதலைப் போர்க் கோப்புகளில் எஸ் என்றால் வீரரின் மனு, டபிள்யூ என்றால் விதவையின் மனு, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்புக்காகப் போரிட்டவர்களுக்கு அந்தந்த மாநிலங்களே ஓய்வூதியம் தந்தன. ஆகவே அவர்களை மாநில ஆவணக்காப்பகங்களில் தேடவேண்டும்.

நிராகரிக்கப்பட்டது என்று கண்டவுடன் விட்டுவிடாதீர்கள். சந்தேகம் எழுந்த மனுக்களில்தான் கூடுதல் விசாரணையும் கூடுதல் சாட்சிகளும் இருக்கும். உங்கள் முன்னோருக்குக் கோப்பு இல்லையென்றால், அவர் இருந்த அதே படைக் கம்பெனித் தோழர்களின் கோப்புகளைப் பாருங்கள். அங்கே அவர் சாட்சியாகப் பேசியிருக்கலாம்.

அதேசமயம், இவை பணம் கேட்டு, பல ஆண்டுகள் கழித்து, முதுமையில் சொன்னவை. வயதும் தேதியும் பிசகலாம். மற்றப் பதிவுகளோடு ஒத்துப்பார்த்தே ஏற்கவேண்டும். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளும் விதவைகளும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லிப் பதிவுசெய்த ஆவணங்கள் இவ்வளவு விரிவாக வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. தேடலை இங்கிருந்தே தொடங்கினாலும் தவறில்லை.