மழலைப் பள்ளிச் செலவு யார் கணக்கில்?

நான் வியாபாரி, கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், 'இதற்குப் பணம் யார் தருகிறார்கள், எந்தத் தலைப்பில் பற்று எழுதுகிறார்கள்?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வி விஷயத்தில் அந்தக் கேள்வியே மிக முக்கியமானது என்பது படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 1950-இல் இருந்தபடி, பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்று கீழ் எல்லை போடவில்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. ஆனால் 2002-இல் வந்த 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே அதை உரிமையாக எழுதியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 'அரசு முயல வேண்டும்' என்ற சொல்லோடு 45-ஆம் பிரிவில் நின்றுவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 11-ஆம் பிரிவில் இவர்களை நினைத்துக்கொண்டது. அங்கேயும் இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது. கடன் பத்திரத்தில் 'தருவேன்' என்று எழுதுவதற்கும் 'தரலாம்' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் கடைக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

உரிமை இல்லாத இடத்தில் திட்டம் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் நாம் அறிந்த அங்கன்வாடி. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை ஆகியவற்றோடு பாலர் கல்வியும் அதன் ஆறு பணிகளில் ஒன்று. ஒரே பணியாளர், ஒரு உதவியாளர். எடை போடுவதும் பதிவேடு எழுதுவதும் சமையலைக் கவனிப்பதும் போக மிஞ்சும் நேரத்தில்தான் பாட்டும் கதையும்.

இதன் செலவுக் கணக்கு பல முறை மாறியிருக்கிறது. தொடக்கத்தில் உணவுச் செலவு மாநிலத்தைச் சேர்ந்தது, மற்றவை மத்திய அரசைச் சேர்ந்தவை. 2005-06 முதல் உணவில் ஆளுக்குப் பாதி. 2009-10 முதல் மற்றச் செலவுகளில் மத்திய அரசு 90, மாநிலம் 10. பிறகு 2015-16 முதல் அது பெரும்பாலான மாநிலங்களில் 60-க்கு 40 ஆனது. கூட்டாளியின் பங்கு 10-இலிருந்து 40 ஆனால், பணக்கார மாநிலம் தாங்கும். ஏழை மாநிலம் திணறும். 2018-இல் பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்ற பெயரே கிடையாது. அதன் மேல் எவ்வளவு சேர்ப்பது என்பது அந்தந்த மாநிலத்தின் மனத்தையும் கஜானாவையும் பொறுத்தது. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

மனமிருந்த மாநிலங்கள் செய்து காட்டாமல் இல்லை. தமிழ்நாடு 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவுத் திட்டத்தைக் கிராமத்து மழலைகளிலிருந்தே தொடங்கியது. 2019-இல் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தன. பஞ்சாப் 2017 நவம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே முன்பருவ வகுப்புகளைத் திறந்தது. ஆனால் திட்டம் என்பது அரசாணையில் வருவது, அரசாணையில் போகவும் கூடியது. தமிழ்நாட்டின் அந்த மழலை வகுப்புகளே 2022-இல் மூடப்படுவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு தொடர்ந்தன.

மாநில அரசே பொறுப்பேற்று எல்லாருக்கும் தரமுடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களைக் காட்டலாம். ஜார்ஜியா லாட்டரி வருமானத்தை இதற்கென ஒதுக்கி, 1995-இல் நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும், பெற்றோர் வருமானம் பாராமல் கதவைத் திறந்தது. ஓக்லஹோமா 1998-இல் சட்டம் செய்து, மற்ற வகுப்புகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரும் பள்ளி நிதியிலேயே நான்கு வயதுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது. சூதாட்டப் பணம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. பள்ளிக் கணக்கில் சேர்ந்த பிள்ளையைப் பிறகு தனியாகப் பிரித்து வெட்டுவது கஷ்டம்.

இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. 'பள்ளி' என்ற சொல் பழைய கல்வெட்டுகளில் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறிக்கும். அவற்றுக்கு வரி நீக்கி விடப்பட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். தந்தவர்கள் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அரண்மனை வாசலில் போய் நிற்கும்படி விடவில்லை. மழலைக் கல்விக்கும் அப்படி ஒரு சாசனம் வேண்டும். 2020 கல்விக் கொள்கை 2030-க்குள் எல்லாருக்கும் முன்பருவக் கல்வி என்கிறது. நல்லதுதான். கொள்கை சட்டமாகி, 'செய்யலாம்' என்பது 'செய்ய வேண்டும்' என்று மாறினால்தான் பணம் தவறாமல் வரும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலர் எல்.கே.ஜி.க்கே ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். அதே ஊரில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியை விட்டால் வேறு பள்ளி இல்லை. இவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். அங்கன்வாடிச் சேவைக்கு வறுமைக் கோட்டைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில், மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. குடிசைப் பகுதிகளுக்கும் சேர்த்தே அப்படிச் சொன்னது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு அந்த ஊர் மொழியில் எழுதிக் கொடுக்க நம் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். இந்த ஆண்டு பத்துக் குடியிருப்புகளில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து மனுக் கொடுத்தாலும் போதும், நல்ல காரியம் செய்தவர்களாவோம்.