கொஞ்சம் இளைக்கலாமே, சகோதரி!

சென்ற ஆண்டு தைத்த ரவிக்கை இப்போது கைக்குள் நுழைய மறுக்கிறதா? தையற்காரர் மேல் பழியைப் போடாதீர்கள். அவருடைய அளவு நாடா ஒன்றை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது ஓர் எச்சரிக்கை.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். குழந்தை மிச்சம் வைத்த தயிர் சாதத்தை, "ஐயோ, வீணாகிறதே!" என்று வாயில் போட்டுக்கொள்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். வேளைக்கு ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, கீரையோ பயறோ ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயைச் சாய்த்து ஊற்றாமல் அளந்து விடுங்கள். ஒரு தேக்கரண்டியில் சுமார் 45 கலோரி இருக்கிறது.

பிறகு நடை. தினம் அரை மணி, சற்று வேகமாக. திருப்பாச்சூர்க்காரர்களுக்கு வாசீஸ்வரர் கோயில் இருக்கவே இருக்கிறது. பாசு என்றால் மூங்கில். ஊர்ப் பெயரே அதனால் வந்ததுதான். நீங்கள் மூங்கிலாக வேண்டாம்; தராசு முள் கொஞ்சம் இறங்கினால் போதும்.

இறங்காவிட்டால்? அப்போதும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை மூன்று ஆண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு, மற்றவர்களைவிட அந்த நோய் வருவது நூற்றுக்குச் சுமார் 28 பங்கு குறைந்தது. அதுவும், எடை அவ்வளவாகக் குறையாமலே!

ஆகவே, ரவிக்கைத் தையலைப் பிரிக்குமுன், நாளைக் காலை கோயில் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.