சுழல் நிதியில் ஒரு சொந்த வீடு

"சுவாமி, வீடு சும்மா தருவார்களா, கடனாகத் தருவார்களா?"

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் எம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தும்பறைப் பள்ளத்தாக்கை விட்டு எழுந்தவர்களின் பிள்ளைகளும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் வீட்டையும் தோட்டத்தையும் இழந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். இக்கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை கூற முடியாது. ஏனெனில் வீடு கட்ட உதவும் பணம் இரு வேறு வழிகளில் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பல மனத்தாங்கல்கள் உண்டாகின்றன.

முதலாவது வழி நன்கொடை. இந்திய அரசின் உதவியோடு வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகளும் மலையகத்தில் 4,000 வீடுகளுமாக 50,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்டதை அறிவீர்கள். அப்பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அது ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை. வேலை முன்னேறுவதைப் பார்த்தே தவணை தவணையாக வரும்.

இரண்டாவது வழி சுழல் நிதி. இக்கட்டுரையில் நாம் விளக்க விரும்புவது இதனையே.

ஒரு பண்ணையில் பிறந்த எண்ணம்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற விவிலிய அறிஞரும் அவரோடு சேர்ந்தோரும் ஒரு பண்ணையைத் தொடங்கினர். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக உழைத்த அப்பண்ணையில், 1968இல் ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு இலாபமும் வட்டியும் இன்றி வீடு கட்டிக் கொடுக்கும் நிதி ஒன்று உருவாயிற்று. அதில் பங்குகொண்ட மில்லார்ட் புல்லரும் அவரது மனைவி லிண்டாவும் 1976இல் 'ஹபிட்டாட் போர் ஹியூமானிட்டி' என்ற நிறுவனத்தை அமைத்தனர். அது 1990களில் இலங்கைக்கும் வந்தது.

இந்நிதிக்கு முதல் எங்கிருந்து வருகிறது? தனிநபர்கள், திருச்சபைகள், கம்பனிகள் தரும் நன்கொடைகளிலிருந்து வருகிறது. கனடாவின் வினிப்பெக் நகரில் 1991இல் தொடங்கியதைப் போன்ற, பழைய கதவு, யன்னல், தளபாடங்களை விற்கும் கடைகளும் பணம் சேர்த்துக் கொடுக்கின்றன. தொண்டர்களின் உழைப்பு செலவைக் குறைக்கிறது. வீடு பெறும் குடும்பமும் கல் சுமந்து, மண் வெட்டித் தன் பங்கைச் செலுத்துகிறது. பின்னர் அக்குடும்பம் கட்டும் மாதத் தவணை நிதிக்கே திரும்பி அடுத்த குடும்பத்தின் அத்திவாரமாகிறது.

பன்னிரண்டு குடும்பங்களின் கணக்கு

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்நிறுவனம் இலங்கையில் 'சேமித்துக் கட்டுதல்' என்ற முறையைக் கையாண்டது. ஏறக்குறைய 12 குடும்பங்கள் ஒரு குழுவாகின்றன. நாள்தோறும் சிறு தொகை சேமிக்கின்றன. ஒரு வீட்டுக்குரிய பணம் சேர்ந்ததும், நிறுவனம் மேலும் இரண்டு வீடுகளுக்குப் பணம் தருகிறது.

விளங்குவதற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். அத்திவாரம், ஓர் அறை, சமையலறை, கூரை ஆகியவற்றுக்கு 6 இலட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். இன்றைய சந்தையில் இத்தொகை போதாது. எண்ணும் வசதிக்காகவே கூறுகிறோம். ஒவ்வொரு குடும்பமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 ரூபாய் சேர்த்தால், ஆறு மாதத்தில் 12 குடும்பங்களிடமும் 6 இலட்சம் சேரும். நிதியின் பங்கோடு மூன்று வீடுகள் எழும். இரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு வீடுகளும் முடிந்துவிடும்.

இந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு குடும்பம் சேமித்தது 2 இலட்சம். மிகுதி 4 இலட்சம் கடன். வட்டியில்லாமல் மாதம் 4,000 ரூபாய் வீதம் செலுத்தினால் 100 மாதங்களில் அது தீரும். இதே கடனை ஆண்டுக்கு 12 வீத வட்டிக்குப் பெற்றால், அதே காலத்தில் மாதம் 6,300 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வட்டியாக மட்டும் 2,30,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்குவதை விவிலியத்தின் பழைய சட்டமும் திருக்குர்ஆனும் ஏன் தடுத்தன என்பது இப்போது விளங்கும்.

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். பன்னிரண்டு குடும்பங்களும் ஒழுங்காகக் கட்டினால் மாதம் 48,000 ரூபாய் நிதிக்குத் திரும்பும். அதாவது பதின்மூன்று மாதத்துக்கு ஒரு புதிய வீடு. நான்கு குடும்பங்கள் கட்டாமல் விட்டால் அந்த வீட்டுக்குப் பத்தொன்பது மாதம் செல்லும். "வெளிநாட்டுப் பணம்தானே, கட்டாவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாத தவணையால் வெளிநாட்டவர் நட்டப்படுவதில்லை. தகரக் கொட்டிலில் காத்திருக்கும் உங்கள் அயலவரே மேலும் ஆறு மாதம் மழையில் நனைகிறார்.

இம்முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. பொருள் விலை ஏறும்போது வட்டியில்லா நிதி தேய்ந்துபோகும். 2022இன் நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியதை நாம் மறக்கவில்லை. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் தவணையைச் சீமெந்து மூடையின் விலையோடு இணைத்தது இதனாலேயே. ஆகவே கடன் ஒப்பந்தத்தில் தவணை மாறுமா, மாறாதா என்பதைக் கையொப்பமிடுமுன் கேட்டறியுங்கள்.

நாம் ஆயத்தமாவது எப்படி?

முதலில் காணி. மலைச்சரிவில் அத்திவாரம் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வாயிலாக விசாரிக்கலாம். ஆபத்தான இடத்தில் கட்டிய வீடு கடனை மட்டுமே மிச்சம் வைக்கும்.

இரண்டாவது உறுதி. காணிப் பத்திரமின்றி எந்த நிதியும் துணிந்து உதவாது. இயன்றவரை கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் தந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பெண்பிள்ளைகளை உடைய குடும்பங்கள் இதனை அறிந்திருப்பது அவசியம்.

மூன்றாவது சேமிப்புக் குழு. இதற்கு எவரையும் காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கையின் முதலாவது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906இல் எமது தெல்தெனியப் பகுதியிலேயே தோன்றியது. பழைய தெல்தெனிய நகரம் இன்று நீருக்கடியில் இருந்தாலும் அந்தப் பழக்கம் மூழ்கிவிட வேண்டியதில்லை. முதல் வீடு யாருக்கு, நோயாளியின் தவணையை யார் தாங்குவது என்பதை முதற்கூட்டத்திலேயே தீர்மானித்து எழுதி வையுங்கள். விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை. மிளகும் கராம்பும் விற்கும் காலத்தில் கூடுதலாகவும், மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்ட இடம் கேளுங்கள். அது உங்கள் நியாயமான கோரிக்கை.

அன்பர்களே, "சும்மாவா, கடனா?" என்ற கேள்விக்கு இனி இவ்வாறு விடை கூறலாம். சுழல் நிதியில் கிடைப்பது கடன்தான். ஆனால் நீங்கள் அதைத் திருப்பிக் கொடுப்பது கடன்காரனுக்கு அல்ல, இன்னும் கூரையில்லாத இன்னொரு குடும்பத்துக்கு.